எங்கள் நூலகத்தின் அந்த மேசையைத் திரும்ப வையுங்கள்

மாவட்ட நூலக அலுவலர் அவர்களுக்கும் நூலக ஆணைக்குழு உறுப்பினர்களுக்கும்,

எங்கள் கிளை நூலகத்துக்குள் நுழைந்ததும் இடது கைப் பக்கம், நாளிதழ் மேசைக்கு முன்னால், நான்கடி நீள மர மேசை ஒன்று இருந்தது. சென்ற மாதம் ஆய்வுக்கு வந்த அதிகாரி அதை எடுத்துவிடும்படி சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் காலையில் அது பின்னறைக்குப் போயிற்று. அதன்மேல் இருந்த பன்னிரண்டு புத்தகங்களும் அலமாரிகளுக்குத் திரும்பின. புத்தகங்களுக்குள் செருகியிருந்த கையெழுத்துச் சீட்டுகள் ஒரு பழைய காக்கி உறைக்குள் கிடக்கின்றன. மேசை இருந்த இடத்தில் இப்போது உறுப்பினர் சேர்க்கைக்கான பேனர் நிற்கிறது.

எழுத்தில் எந்த உத்தரவும் இல்லை. அன்று அங்கே நாளிதழ் படித்துக்கொண்டிருந்த நாலைந்து பேர் காதில் விழுந்தது இவ்வளவுதான்: "கேட்ட புத்தகத்தை எடுத்துக் கொடுப்பதுதான் நூலகர் வேலை. தனக்குப் பிடித்ததை வாசகர் தலையில் கட்டக் கூடாது." அந்த நாலைந்து பேரில் நானும் ஒருத்தி. ஆய்வு நடக்கும்போது பேசினால் நூலகருக்குத்தான் சங்கடம் என்று வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன். அப்படி இருந்தது தவறு என்று ஒரு மாதமாக மனசு அறுக்கிறது. அன்று சொல்லாமல் விட்டதை இன்று எல்லோரும் பார்க்க எழுதுகிறேன்.

நான் நூலகத்துக்கு எதிரே தையல் கடை வைத்திருக்கிறேன். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. பதினோரு வருடமாக நூலக உறுப்பினர். இந்த மடலை எழுதச் சொல்லி நூலகர் கேட்கவில்லை. எழுதுகிறேன் என்பதும் அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால், "வேண்டாம்மா, விடுங்க" என்றுதான் சொல்லியிருப்பார்.

அந்த மேசை என்னவாக இருந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆய்வுக்கு வந்தவர் அதன் அருகில் நின்றது ஒரு நிமிடம்கூட இருக்காது. ஒரு சீட்டையும் அவர் எடுத்துப் படிக்கவில்லை.

வாசகர் வட்டத்தில் யாரோ கொடுத்த பழைய மேசை அது. கால் ஒன்று ஆடும், கீழே அட்டை மடித்து வைத்திருப்பார்கள். அதன்மேல் பத்துப் பன்னிரண்டு புத்தகங்கள் முகப்பு தெரியும்படி நிறுத்தியிருக்கும். ஒவ்வொன்றிலும் அரைத் தாள் சீட்டு. அதில் இரண்டு மூன்று வரி, கீழே எழுதியவர் கையெழுத்து, தேதி. மேலே அட்டையில் "நாங்கள் படித்தவை" என்று மட்டும் எழுதியிருக்கும். சிறந்த நூல்கள் என்றோ, அவசியம் படிக்க வேண்டியவை என்றோ ஒரு நாளும் எழுதியதில்லை. சீட்டுகளும் அதே பணிவோடுதான் இருக்கும். "முதல் முப்பது பக்கம் மெதுவாகப் போகும், கொஞ்சம் பொறுங்கள்." "எழுத்து பொடிசாக இருக்கிறது, கண்ணாடி இல்லாமல் எடுக்க வேண்டாம்." "இதைப் படித்துவிட்டு என் அண்ணனுக்கு போன் செய்தேன், இரண்டு வருடத்துக்குப் பிறகு." இப்படி.

இந்த மடலில் எந்தப் புத்தகத்தின் பெயரையும் நான் எழுதப் போவதில்லை. பெயரை எழுதினால் அந்தப் புத்தகம் நல்லதா கெட்டதா என்று பேச்சு திரும்பிவிடும். நான் கேட்பது மேசையை.

என் கணவர் தவறி மூன்று மாதம் ஆகியிருந்த சமயம். நான் நூலகத்துக்குப் போனது புத்தகம் எடுக்க இல்லை. நாளிதழில் வேலை விளம்பரம் பார்க்கத்தான் போவேன். கடையை மூடிவிட்டு எங்கேயாவது கம்பெனிக்குப் போய்விடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நாலைந்து நாள் பார்த்த நூலகர், ஒரு நாள் நான் கிளம்பும்போது மேசையிலிருந்து ஒரு மெல்லிய நாவலை எடுத்து நீட்டினார். "இதுல வர்ற அம்மா யார்கிட்டயும் பரிதாபம் கேக்கமாட்டாங்க. பிடிக்கலைன்னா நாளைக்கே கொண்டாந்து குடுத்துடுங்க" என்றார். எனக்கு ஆறுதலாக அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அந்த மூன்று மாதத்தில் ஆறுதல் சொல்லாமல் என்னிடம் பேசிய முதல் மனிதர் அவர். புத்தகத்தை அன்று இரவே படித்து முடித்தேன். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் முழுசாகப் படித்த முதல் புத்தகம் அது. கடையை மூடவில்லை. புத்தகம்தான் காரணம் என்று சொன்னால் மிகையாகிவிடும், அதனால் சொல்லமாட்டேன். ஆனால் அடுத்த நாள் காலையில் திரும்பவும் நூலகத்துக்குப் போனேன், விளம்பரம் பார்க்க இல்லை.

இதைத்தான் தலையில் கட்டுவது என்கிறீர்களா?

என் தொழிலை வைத்துச் சொல்கிறேன். ஜாக்கெட் தைக்க வருகிறவரிடம் நான் அளவு எடுக்காமல் துணியில் கத்தரி வைப்பதில்லை. அளவு ஜாக்கெட் கொண்டுவந்தால்கூட, எங்கே இறுக்குது, எங்கே தொளதொளன்னு இருக்கு என்று கேட்டுவிட்டுத்தான் வெட்டுவேன். எங்கள் நூலகர் செய்வதும் அதுதான். புதிதாக வருகிறவரிடம் "உங்களுக்கு என்ன பிடிக்கும்?" என்று அவர் கேட்டு நான் பார்த்ததில்லை. அப்படிக் கேட்டால் பாதிப் பேர் கூச்சத்தில் ஏதாவது பெரிய பெயராகச் சொல்லிவைப்பார்கள். அவர் கேட்பது வேறு: "கடைசியா எந்தப் புத்தகத்தைப் பாதியில வச்சீங்க? எந்த இடத்துல வச்சீங்க?" அதற்கு மட்டும் எல்லோரும் உண்மையைச் சொல்கிறார்கள். நிறையப் பாத்திரம், யார் யாரென்றே தெரியவில்லை என்பார் ஒருவர். வட்டார வழக்கு புரியவில்லை என்பார் இன்னொருவர். சாவு வந்துவிட்டது, மேலே படிக்க முடியவில்லை என்றாள் ஒரு பெண். அதை வைத்து அவர் மேசைக்கு நடப்பார், சில நேரம் உள் அலமாரிக்குப் போவார். "இது இப்ப வேணாம், ஆறு மாசம் போகட்டும்" என்று கையிலிருந்த புத்தகத்தைத் திரும்ப வாங்கி வைத்ததும் உண்டு. ஒருவர் முகத்தைப் பார்த்து இதைச் செய்ய, அலமாரியில் உள்ளதைப் படித்த ஓர் ஆள் வேண்டும். எந்தப் பட்டியலும் இந்த வேலையைச் செய்யாது.

அந்த மேசையில் சீட்டு வைத்தவர் நூலகர் மட்டும் இல்லை. நூலகத்தைப் பெருக்கித் துடைக்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். சின்ன வயதில் பள்ளிக்கூடம் போகாதவர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் வந்தபோது, ராத்திரி வகுப்பில் தெருவிளக்கடியில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டப் படித்தவர். அவர் புத்தகம் படிப்பார் என்பதே எங்களில் பலருக்குத் தெரியாது. அலமாரியைத் துடைக்கும்போது எடுத்து எடுத்துப் படிப்பாராம், ஒரு புத்தகம் முடிக்க மூன்று மாதம் ஆகுமாம். நூலகர்தான் அவரையும் ஒரு சீட்டு எழுதச் சொன்னார். "எனக்கு எங்க சார் எழுத வரும்" என்று ஒரு வாரம் தள்ளிப்போட்டவர், கடைசியில் கோணல் மாணலான எழுத்தில் எழுதி வைத்தார்: "இதில் வரும் ஊர் எங்க ஊர் மாதிரி. சிரிச்சேன். நானும் படிச்சேன் நீங்களும் படிக்கலாம்." புள்ளி ஒன்றிரண்டு விட்டுப் போயிருந்தது. நூலகர் திருத்தவில்லை.

அந்தப் புத்தகம் மேசையில் தங்கவே இல்லை. ஒருவர் திருப்பிக் கொடுப்பதற்காக இன்னொருவர் காத்திருந்தார். உள்ளாட்சி அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒருவர், தன் மனைவிக்கென்று எடுத்துப் போனார். அந்தம்மாள் அதற்கு முன் நூலகப் படி ஏறியதில்லை, இப்போது உறுப்பினர். "நானும் படிச்சேன் நீங்களும் படிக்கலாம்" என்ற வரியைவிடச் சிறந்த உறுப்பினர் சேர்க்கை வாசகத்தை நீங்கள் எந்தப் பேனரில் அச்சடிக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. மேசை போன அன்று அக்கா என்னிடம் கேட்டார்: "நான் எழுதுனதுல தப்பு இருந்துச்சா? அதான் எடுக்கச் சொன்னாங்களா?" இல்லை அக்கா என்று சொன்னேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. இந்த மடலை எழுதத் தூண்டியது அந்தக் கேள்விதான்.

இன்னும் சிலரைச் சொல்லலாம். விளையாட்டுப் பக்கம் மட்டும் பார்த்துவிட்டு ஓடும் ஒன்பதாம் வகுப்புப் பையன், சீட்டைப் பார்த்து ஒரு பறவைப் புத்தகம் எடுத்தான், பிறகு என் கடை வாசலில் நின்றுகொண்டு எதிர் மின்கம்பியில் உட்கார்ந்திருப்பது கரிச்சான் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தான். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், நாற்பது வருடம் மற்றவர் கடிதத்தைச் சுமந்தவர், கடிதங்களால் ஆன ஒரு நூலை எடுத்துவிட்டு மூன்று முறை புதுப்பித்தார். எல்லாம் நான் கண்ணால் பார்த்தவை.

கண்ணால் பார்த்தது போதாது, பதிவேடு வேண்டும் என்றால் அதுவும் இருக்கிறது. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டைப் பாருங்கள். அந்த மேசைக்கு வந்த புத்தகங்களில் சில, நூலகத்துக்கு வந்து பல வருடமாகியும் தேதிச் சீட்டில் ஒரு முத்திரைகூட விழாதவை. பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும், பிரிக்கும்போது சத்தம் வரும். மேசைக்கு வந்த பிறகு அதே புத்தகங்களில் சீட்டு நிறைந்துபோய், மேலே இன்னொரு சீட்டு ஒட்டியிருக்கிறார்கள். நான் சொல்வதை நம்ப வேண்டாம். அடுத்த ஆய்வில் அந்தப் பன்னிரண்டு புத்தகங்களையும் எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்.

நூலகர் வேலை எது என்று நீங்கள் சொன்னதால், அந்த வேலைக்கு நம் நாட்டில் இலக்கணம் வகுத்தவரைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியவில்லை. சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், கணித ஆசிரியராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானவர். அவர் பிறந்த ஊர் எங்களுக்குப் பக்கம் என்பதில் எங்களுக்கெல்லாம் ஒரு பெருமை உண்டு. அவர் படம் எங்கள் நூலகத்தில் நூலகர் நாற்காலிக்கு மேலேயே மாட்டியிருக்கிறது. 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல். மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். இந்த மூன்றாவது விதியைப் படித்ததும் நான் சற்று நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். புத்தகம் தானாக எழுந்து நடந்து தன் வாசகரைத் தேடிப் போகாது. அதற்காக யாரோ நடக்க வேண்டும். அதற்குத்தான் ரங்கநாதன் பூட்டிய அலமாரிகளைத் திறக்கச் சொன்னார், புதுப் புத்தகங்களைக் கண்ணில் படும்படி வைக்கச் சொன்னார், நூலக ஊழியர் வாசகரின் பக்கத்தில் நின்று துணை செய்ய வேண்டும் என்றார். அவர் விதிகளை வெளியிட்ட அதே 1931இல்தான், மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்குப் புத்தகங்கள் மாட்டு வண்டியில் போயின. மாட்டு வண்டி கட்டிப் புத்தகத்தை வாசகரிடம் கொண்டுபோன மண்ணில், அலமாரியிலிருந்து பத்தடி தள்ளி மேசையில் வைப்பது குற்றமாகிவிட்டது.

கேட்ட புத்தகத்தை எடுத்துக் கொடுத்தால் போதும் என்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். எதைக் கேட்பது என்று தெரிந்தவர்கள் கேட்பார்கள். தெரியாதவர்கள்? எங்கள் நூலகத்துக்குப் புத்தகங்கள் மேலிடத்தில் தேர்வாகி, கட்டுக் கட்டாக வருகின்றன. கட்டுப் பிரித்து, எண் போட்டு, முத்திரை குத்தி அலமாரிக்குப் போனால் முதுகு மட்டும்தான் தெரியும். ஆயிரக்கணக்கான முதுகுகளுக்கு முன்னால் என்னைப் போன்ற ஒருத்தி வந்து நின்றால், தெரிந்த பெயர் ஒன்றிரண்டைத் தவிர எல்லாம் சுவர் மாதிரிதான். பத்தாம் வகுப்போடு நின்றவளுக்கு அந்தச் சுவரில் ஒரு கதவு வேண்டும். மாவட்ட மைய நூலகத்தில் கணினியில் தேடலாம் என்று சொல்வீர்கள். என்ன தேடுவது என்று தெரிந்தவர் தேடலாம்.

உங்கள் தரப்பில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஒரே பதிப்பகத்தின் மூன்று புத்தகங்கள் ஒரு மாதம் மேசையில் இருந்ததாக யாரோ புகார் எழுதியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். இருந்தது உண்மை. நூலகர்களுக்குச் சாய்வு உண்டு, மனிதர்கள்தானே. எங்கள் நூலகருக்குக் கிராமத்துக் கதைகள்மேல் ஒரு பிடிப்பு. அறிவியல் பக்கம் அவர் அதிகம் போவதில்லை. கவிதை வைத்ததே அபூர்வம். ஒரு சமயம் தொடர்ந்து பல மாதம் அந்த மேசையில் பெண்கள் எழுதிய புத்தகம் ஒன்றுகூட இல்லை. அதைக் கவனித்து அவரிடம் கேட்டது நான்தான். அவர் மேசையைப் பார்த்தார், முகம் சிவந்துவிட்டது. "நீங்க சொன்னப்புறம்தான் தெரியுது" என்றார். அடுத்த மாதம் ஐந்து புத்தகம் வந்தது, அதில் ஒன்றுக்கு என்னையே சீட்டு எழுத வைத்தார். வெளிப்படையாக மேசையில் இருந்ததால்தான் நான் கேட்க முடிந்தது, அவரும் மாற்ற முடிந்தது. கையெழுத்துப் போட்டு வைக்கிற சாய்வைத் தட்டிக் கேட்கலாம். எங்கோ மேலிடத்தில் நடக்கும் தேர்வில் சாய்வு இருந்தால் நான் யாரிடம் போய்க் கேட்பது?

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு இடம் வேண்டும் என்பது பிறகு என் காதுக்கு வந்த இன்னொரு காரணம். அதில் எனக்கு இரண்டாம் பேச்சே இல்லை. என் அக்கா மகள் அங்கேதான் காலை முதல் உட்கார்ந்து குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறாள். வீட்டில் மின்விசிறி ஓடும் ஒரே அறையில் நாலு பேர். அந்தப் பிள்ளைகளுக்கு நாற்காலி வேண்டும், மின்விசிறி வேண்டும், கழிப்பறையில் தண்ணீர் வேண்டும். நான்கடி மேசையை எடுத்ததால் ஒரு நாற்காலியும் கூடவில்லை, அந்த இடத்தில் பேனர்தான் நிற்கிறது. தவிர, மத்தியானம் கண் சோர்ந்து எழுந்து வரும் அந்தப் பிள்ளைகள்தான் மேசையருகே நின்று சீட்டுகளைப் படிப்பார்கள். தேர்வு முடிந்ததும் எடுக்கிறேன் என்று ஒரு புத்தகத்தின் பெயரைக் கையில் பேனாவால் எழுதிக்கொண்டு போனாள் என் அக்கா மகள்.

ஆய்வில் நீங்கள் பார்க்கும் பதிவேட்டில் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை புத்தகம் வெளியே போனது, எத்தனை உறுப்பினர் சேர்ந்தார்கள், புரவலர் எத்தனை பேர் என்று கேட்கிறீர்கள். எல்லாம் எண்கள். நூலகர் இந்த மாதம் என்ன படித்தார், யாருக்கு எதைக் கொடுத்தார் என்று ஒரு வரிகூட அதில் கேட்பதில்லை. கேட்காத வேலையை அவர் செய்துகொண்டிருந்தார். கூடுதல் பொறுப்பாக இன்னொரு நூலகத்தையும் அவர்தான் பார்க்கிறார். வாரத்தில் பாதி நாள் அங்கே, பாதி நாள் இங்கே. அவர் படிப்பதெல்லாம் பேருந்திலும், வெள்ளிக்கிழமை விடுமுறையிலும்தான். ஒருவர் தன் சொந்த நேரத்தில் செய்ததை நீங்கள் பாராட்டியிருக்க வேண்டும் என்றுகூட நான் எதிர்பார்க்கவில்லை. தடுக்காமல் இருந்திருக்கலாம்.

வெளிநாட்டில் இப்படியெல்லாம் நடக்கிறதா என்று என் மகளைக் கேட்டேன். அமெரிக்காவில் 2013 முதல், நாடு முழுக்க உள்ள பொது நூலக ஊழியர்கள் தாங்கள் படித்துப் பிடித்த புதுப் புத்தகங்களுக்கு வாக்களித்து, மாதா மாதம் பத்துப் புத்தகம் கொண்ட பட்டியல் வெளியிடுகிறார்கள் என்று தேடிச் சொன்னாள். லைப்ரரிரீட்ஸ் என்று அதற்குப் பெயராம். அங்கே ஊழியரின் ரசனை நூலகத்தின் சொத்தாக மதிக்கப்படுகிறது. நம்மிடம் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் இருக்கின்றன. அத்தனை நூலகங்களிலும் படிக்கிற மனிதர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் வாயைத் திறக்க வேண்டாம் என்கிறோம்.

இதையெல்லாம் கேட்க நான் யார் என்ற கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். 1948இல் இந்த மாநிலத்தில்தான் சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் வந்தது. அந்தச் சட்டப்படி, நான் கட்டும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்தே போகிறது, நூற்றுக்குப் பத்து. ரசீதில் தனி வரியாக இருக்கிறது, பாருங்கள். இந்த ஊரில் சின்ன வீட்டுக்கு வரி கட்டுகிறவரும் அந்த நூலகத்துக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். அந்த உரிமையில் கேட்கிறேன்.

மேசையை அதே இடத்தில் திரும்ப வைக்க எழுத்தில் அனுமதி கொடுங்கள். நவம்பர் 14ஆம் தேதி நூலக வார விழா தொடங்குகிறது. விழாவுக்குக் கோலம் போட்டுத் தோரணம் கட்டுவதற்கு முன் அது தன் இடத்துக்கு வந்துவிட வேண்டும். அக்கா எழுதிய சீட்டும் அதில் இருக்க வேண்டும், திருத்தாமல்.

சாய்வு பற்றிய கவலைக்கு விதி போடுங்கள், நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம். நூலக இருப்பில் உள்ள புத்தகம் மட்டும்தான் மேசைக்கு வர வேண்டும். ஒரு மாதத்தில் ஒரு பதிப்பகத்துக்கு இரண்டுக்கு மேல் கூடாது. சீட்டு எழுதுகிறவர் பெயரும் தேதியும் போட வேண்டும். பதிப்பாளரிடமோ எழுத்தாளரிடமோ எதையும் பெறக் கூடாது. பக்கத்தில் ஒரு நோட்டு வைத்து, பிடிக்கவில்லை என்பவரும் எழுத இடம் கொடுங்கள். மேசையில் பாதி இடம் வாசகர்கள் எழுதும் சீட்டுக்கு இருக்கட்டும்.

மாவட்டத்தின் மற்றக் கிளை நூலகங்களிலும், ஊர்ப்புற நூலகங்களிலும் விருப்பமுள்ள ஊழியர்கள் இதைச் செய்யலாம் என்று சுற்றறிக்கை அனுப்புங்கள். செய்தே ஆக வேண்டும், மாதம் இத்தனை சீட்டு என்று இலக்கு மட்டும் வைத்துவிடாதீர்கள். இலக்கு வைத்தால் படிக்காத புத்தகத்துக்கும் சீட்டு வரும். ஆய்வுப் படிவத்தில் ஒரு கேள்வி சேருங்கள்: இந்த மாதம் ஊழியர் படித்தது என்ன, யாருக்குச் சொன்னார்?

எங்கள் நூலகருக்குக் கூடுதல் பொறுப்பாகக் கொடுத்திருக்கும் நூலகத்துக்குத் தனியாக ஆள் போடுங்கள். ஆணைக்குழு கூடும்போது இதை முதல் பொருளாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இந்த மடலை எழுதியவள் நான். இதற்காக நூலகரிடமோ, பெருக்கும் அக்காவிடமோ விளக்கம் கேட்கக் கூடாது, இடமாற்றம் செய்யக் கூடாது. விளக்கம் வேண்டுமானால் என்னைக் கூப்பிடுங்கள், கடையைச் சாத்திவிட்டு வருகிறேன்.

தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டிருந்தால் முப்பது நாளில் பதில் வந்திருக்கும் என்று என் மகள் சொல்கிறாள். தகவல் எனக்குத் தேவையில்லை, முடிவு தேவை. மேசையை வைக்கலாம் என்றாலும் வைக்கக் கூடாது என்றாலும், காரணத்தோடு எழுதி, கையெழுத்திட்டு, எங்கள் நூலக அறிவிப்புப் பலகையில் ஒட்டச் செய்யுங்கள். பெரிய எழுத்தில் இருக்கட்டும். அக்கா எழுத்துக் கூட்டித்தான் படிப்பார்.

இப்படிக்கு,
கிளை நூலகத்துக்கு எதிரே தையல் கடை வைத்திருக்கும் வாசகி